ஒரு படி கீழே இறங்கிய பட்டை

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் புரதத்தின் நீலப் பட்டை வழக்கமான இடத்தில் இல்லை. ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. எடை குறைந்தால்தான் அப்படி இறங்கும்.

உதவியாளராக இருந்த பெண் பக்கத்து மேஜைக்கு ஓடினாள். எதற்கெடுத்தாலும் கை உதறும் அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் ‘நடுக்கம்’ என்றே பெயர்.

“புரோட்டீன் மேல இருந்த சர்க்கரைச் சங்கிலியெல்லாம் கழண்டுடுச்சுக்கா! காலையில வந்து பாத்தா ட்யூப் மேஜை மேல கிடக்கு. ராத்திரி ஃப்ரீசர்ல வைக்க மறந்திருக்கேன்.”

“வெளிய வெச்சா சர்க்கரை கழண்டுடுமா?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

“மத்தவங்களுக்குக் கழலாது. என் ராசிக்குக் கழண்டுடும்.”

கிளை கிளையாக ஒட்டியிருக்கும் அந்தச் சங்கிலிகளைத் தடவிப் பார்த்துத்தான் செல்கள் ஒரு புரதத்தை நம்ம ஆள் என்று அடையாளம் காணும். இந்தப் புரதத்தைக் கிரிஸ்டலாக வளர்த்து, அதன் உருவத்தைப் படமெடுக்க இன்று ஒரு நிபுணர் வருகிறார். காரியம் கெட்டால் நடுக்கத்தின் வேலை போய்விடும்.

ஃப்ரீசரில் இரண்டு ட்யூப்கள் மிச்சம். முதலாவதை எடுத்தாள். கை உதறி, தரையில் கவிழ்ந்தது. இரண்டாவதில் பாதியை எடுத்து, கெட்டது மறையட்டும் என்று கெட்டுப்போனதோடு கலந்தாள். ஜெல் ஓட்டிப் பார்த்தால், இப்போது இரண்டு பட்டைகள்!

“ஐயோ, காட்டிக்குடுத்துடும்!”

கலவையைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மீதிப் பாதியை, காலையில் அந்த ட்யூப் கிடந்த இடத்தில் வைத்து, அதற்கும் ஒரு ஜெல் ஓட்டி முடிப்பதற்குள் உயிர் பாதி போய்விட்டது.

பேராசிரியர் பேயறைந்த முகத்தோடு உள்ளே வந்தார்.

“ஜெல் ஓட்டினியாம்மா?”

“ஓ... ஓட்டினேன் மேடம்.”

ஜெல்லைப் பார்த்தவர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். “அப்பாடா, சர்க்கரை இருக்கு! நேத்து ராத்திரி ஃப்ரீசர்லேருந்து இதை வெளிய எடுத்தப்போ, சர்க்கரையை வெட்டுற என்சைமை ஞாபகப்பிசகா இதுல ஊத்திட்டேனோன்னு பொட்டுத் தூக்கமில்ல. உன்கிட்ட சொன்னா மானம் போயிடுமேன்னு வாயைத் திறக்கல.”

நடுக்கத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தான் எதையும் மறக்கவில்லை! ஆனால் அதைச் சொன்னால் தொட்டியையும் சொல்ல வேண்டும். தொட்டிக் குழாயை இன்னும் இறுக்கி மூடினாள்.

“உன் வேலைக்கு இனி கவலையில்ல,” என்றார் பேராசிரியர்.

அப்போது நிபுணர் வந்தார். ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“இவ்வளவு சர்க்கரை ஆடிக்கிட்டிருந்தா எனக்கு கிரிஸ்டல் வளராதே மேடம். சர்க்கரையை வெட்டின ட்யூப் ஏதாவது இருந்தா குடுங்களேன்!”