காட்டுமாடு காவல் காத்த புதையல்

பெண் வீட்டார் முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கிற பையனை எல்லோரும் அடக்கமானவன் என்பார்கள். வாயை மூடுவதற்குப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். அந்த ஒன்றுதான் எனக்கு வரவில்லை. அதன் பலனாக, ஒரு நல்ல மனிதர் தன் நெற்றியில் எதைப் பூசிக்கொண்டார் என்று சொல்ல இன்றும் எனக்கு நாக்கு கூசுகிறது. சொல்லத்தான் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள்.

அப்போது நான் போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைக்குப் போய்த் தேன்மொழியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து காயைத் தரம் பிரிக்க உட்கார்ந்தால் பெரிய காயும் சின்னக் காயும் ஒன்றுபோலவே தெரிந்தன. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (அவளே போனில் சொன்னாள், என் கற்பனை இல்லை). தயக்கமெல்லாம் அவள் அப்பாவுக்குத்தான். ஊரும் பழக்கமில்லை, ஆளும் பழக்கமில்லை, ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன் என்றிருந்தார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் தேன்மொழி போன் செய்தாள்.

"அப்பாவுக்குக் காட்டுமாடு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. அத மட்டும் காட்டிருங்க, போதும். நீங்க ரொம்பப் பேச வேணாம்."

நாலைந்து முறை போனில் பேசியதிலேயே என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாள்.

போடிக்கு ரயில் ஓடாத காலம் அது. மாமா பஸ்சில் வந்தார், கூடவே அவர் தங்கை. தேன்மொழியின் அத்தை. மாமா நூல் கடைக்காரர், சாது. அத்தை நேர் எதிர். என் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நம் கடைக் காய் என்று நான் பெருமையாகக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிரைவர் காஜா அண்ணன் ஜீப்பில் போடிமெட்டுக்குக் கிளம்பினோம்.

முதல் கொண்டையூசி வளைவு தாண்டியதுமே மாமாவின் இன்னொரு ஆசை வெளியே வந்தது. புதையல். அவர் ஊர்க் கிணற்றின் அடியில் ஒரு செப்புக்குடம் இருக்கிறதாம். கோடையில் தண்ணீர் வற்றினால் வாய் தெரியுமாம், கயிறு இறக்கினால் மறைந்துவிடுமாம். காஜா அண்ணன் சும்மா இருப்பாரா? மலைக்குள் ஒரு சுரங்கம் போகிறது, அதில் நுழைந்த ஆடு ஒன்று மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வெளியே வந்தபோது குளம்பெல்லாம் தங்கப்பொடி என்றார். எங்கள் பக்கத்துப் பொட்டிபுரத்தில் ஆராய்ச்சிக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதும் எங்கள் தெரு டீக்கடை நம்பவில்லை. ஆராய்ச்சியாவது ஒண்ணாவது, எல்லாம் புதையலுக்குத்தான் என்று ஒரே மனதாகத் தீர்ப்புச் சொன்ன ஊர் இது.

மாமா குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே, மாப்ளே."

மாப்ளே என்றார். அதற்குமுன் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல் நேராக என் தலைக்கு ஏறியது.

சரியாக அப்போது காஜா அண்ணன் வண்டியை நிறுத்தினார். அது மெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. ரோட்டோரம் ஆளுயரப் பாறை, அதன் பின்னால் புல் சரிவு, அதற்கும் பின்னால் காடு. சாயங்காலமானால் காட்டுமாடுகள் அந்தப் பாறையடிக்கு வந்து மண்ணை நக்கும். ஏன் என்று மலையேறும் ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட்டிலிருந்து இறங்கும் ஜீப்புகளுக்கு அந்த வளைவை விட்டால் கீழே போகும்வரை நிறுத்த இடமில்லை. ஆகவே ஆண்கள் எல்லோரும் அந்தப் பாறையடியில்தான் ஒதுங்குவார்கள். காட்டுமாட்டுக்கு உப்பு என்றால் உயிர். மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். சரக்கெடுக்க மலைக்குப் போய்வரும் நானும் அந்தப் பாறைக்கு வருஷக்கணக்காக உப்பு வழங்கியவன்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே சொன்னேன்: "மாமா, இந்தப் பாறைக்கு அடியிலதான் அந்தக் காலத்துப் பாளையக்காரரோட புதையல் இருக்கு."

காஜா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

வாய் அதன் பாட்டுக்கு ஓடியது. புதையலைப் புதைத்த காவல்காரர்கள் ஏழு பேர். செத்தும் காவலை விடவில்லை, காட்டுமாடாகப் பிறந்துவிட்டார்கள். கால்களில் முழங்கால் வரை வெள்ளையாக இருக்கிறதே, அது காவல்காரர்கள் கட்டிய துணிப்பட்டி. தினமும் சாயங்காலம் வந்து, புதையலைத் தொட மாட்டோம் என்று இந்த மண்ணை நக்கிச் சத்தியம் செய்துவிட்டுப் போகிறார்கள். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது.

மாமா ஜீப்பிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார்.

ஐயோ, செருப்பை ஏன் கழற்றுகிறார் என்று நான் யோசிப்பதற்குள் பாறையடிக்குப் போய்விட்டார். குனிந்து தொட்டுக் கும்பிட்டு, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார்.

"ஈரமா இருக்கே மாப்ளே. அடியில ஊத்து இருக்குமோ?"

"சாரல், மாமா."

"ஒரு வாடை அடிக்குதே."

"மாட்டு வாடை, மாமா."

நெற்றி நிறைய இழுத்துப் பூசிக்கொண்டார்.

ஒரு சொல் போதும். வேணாம் மாமா, சும்மா சொன்னேன் என்றால் முடிந்திருக்கும். சிரித்துக்கூட இருப்பார். ஆனால் மாப்ளே போய் மறுபடியும் தம்பி வந்துவிடுமே என்று பயந்தேன். ஒரு மனிதரின் நெற்றியைவிட எனக்கு அந்த அழைப்பு பெரிதாகப் போனது. இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

அதற்குள் அத்தையும் இறங்கிவிட்டார். மடியில் இருந்த என் ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து, காயைச் சுருக்குப் பையில் கொட்டிக்கொண்டு, அந்தத் தாளில் ஒரு கை மண்ணை அள்ளி மடித்தார்.

"தேன்மொழிக்குக் கொண்டு போறேன். காவக்காரங்க மண்ணு. நெத்தியில வச்சுக்கிட்டா நல்லது."

அதற்கும் நான் பேசவில்லை.

தெய்வம் பேசியது. மேலேயிருந்து ஒரு எஸ்டேட் ஜீப்பு இறங்கி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே நெருக்கியடித்து ஆட்கள். பெண்கள் எல்லோரும் வழக்கம்போல மறுபக்கம் திரும்பி மலையழகை ரசிக்கத் தொடங்கினார்கள். ஆண்கள் ஆறேழு பேர் குதித்திறங்கி, லுங்கியை ஒதுக்கியபடி பாறையை நோக்கி வெரசா வந்தார்கள். அங்கே மாமா கண்களை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் மரியாதையாகச் சொன்னார்: "பெரியவரே, முடிஞ்சிருச்சுன்னா கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

மாமா கண்ணைத் திறந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வரிசை அதன் சோலியை ஆரம்பித்திருந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

எஸ்டேட் ஜீப்பு போன பிறகு காஜா அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மாமாவின் கையில் ஊற்றினார். மாமா நெற்றியைத் தேய்த்தார், தேய்த்தார், தோல் சிவக்கும்வரை தேய்த்தார்.

"தம்பிக்குத் தெரியாதுங்க" என்றார் காஜா அண்ணன், எனக்காக. "கடையில உக்காந்திருக்கிற பிள்ள. இதெல்லாம் எங்கள மாதிரி டிரைவருங்களுக்குத்தான் தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் புல் சரிவில் அது வந்தது. கறுத்த, மினுமினுக்கும், வீடு மாதிரி உயர்ந்த ஒற்றைக் காட்டுமாடு. வெள்ளைக் கால்களை அளந்து வைத்து இறங்கி, பாறையடியில் தலையைக் குனிந்து, புதிதாக நனைந்த மண்ணை ஆசை ஆசையாக நக்கியது. மாமா வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. ஈர நெற்றியோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

"சத்தியம் பண்ணுதோ, தம்பி?" என்றார்.

தம்பி வந்துவிட்டது.

போடிக்கு வந்து இறங்கியதும் அத்தை அந்தப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். காப்பி குடிக்காமல் பஸ் ஏறினார்கள்.

மறுநாள் காலையில் தேன்மொழி போன் செய்தாள். குரலில் எதுவும் தெரியவில்லை.

"அப்பா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அவரு மண்ணப் பூசும்போது உங்களுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

காஜா அண்ணன் கொடுத்த வழி திறந்தே இருந்தது. தெரியாது என்றால் நான் வெறும் அசடு, அவ்வளவுதான். அசட்டுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் நாட்டில் நிறைய. ஆனால் அந்த மனிதர் நெற்றியைத் தேய்த்த விதம் இரவெல்லாம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"நானும் அங்கதான் ஒதுங்குவேன்."

அந்தப் பக்கம் போனை யாரோ கையால் பொத்தும் ஒலி. அதையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. அது தேன்மொழியின் சிரிப்பில்லை, ஆண் குரல். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாது என்று நான் சொன்னால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்து வைத்திருந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தேன்மொழி சொன்னாள்.

சிரித்தார், பெண்ணையும் கொடுத்தார், மாப்ளே என்றே கூப்பிடுகிறார். அதனால் என் வெட்கம் போய்விட்டதா என்றால், இல்லை. போகவும் விடமாட்டார்கள். எந்தக் கோவிலுக்குப் போனாலும் சரி, நான் திருநீற்றை நீட்டினால் மாமா ஒரு சிட்டிகை எடுத்து, முதலில் மூக்கருகே கொண்டுபோவார். நிதானமாக முகர்வார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பூசிக்கொள்வார். அவரைப் பார்த்து அத்தை, அத்தையைப் பார்த்து மற்றவர்கள். இப்போது அந்தக் குடும்பத்தில் அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

என் மகளுக்கு மூன்று வயது. ஒரு காரணமும் தெரியாது. அவளும் என் கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியைக் காட்டுகிறாள்.