கீழ்ப்படியிலிருந்து கிழக்கே

ஒரு தெருன்னு இருந்தா அதை எங்கிருந்தாவது அளக்க ஆரம்பிக்கணும். அந்தத் தெருவை, மேற்குக் கோடியில இருந்த பத்திர ஆபீசோட கீழ்ப்படியில இருந்து அளந்திருந்தாங்க. எல்லாப் பத்திரத்துலயும் ஒரே பாட்டுதான்: "அலுவலகக் கீழ்ப்படியிலிருந்து கிழக்கே இத்தனை அடியில் தொடங்கும் மனை." ஆபீஸ் எங்கயும் ஓடிப்போகாதுன்னு நம்பி எழுதினது.

ஆபீஸ் ஓடலை. படி நகர்ந்துச்சு.

புதுசா வந்த பெரிய ஆபீசருக்கு கிரானைட் பைத்தியம். எந்த ஆபீசைப் பார்த்தாலும் வாசல் பளபளன்னு இருக்கு, நம்ம ஆபீஸ் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு, பழைய படியை மூடி, முன்னால கிழக்கே இருந்த பொட்டல்ல மூணடி நீட்டிப் புதுப் படி கட்டினார். திறப்பு விழாவுல தெருவே கை தட்டிச்சு. படி அவ்வளவு அழகா வழுக்கிச்சு.

அதுல வழுக்காம ஏறினவர் ரெண்டாவது வீட்டுத் தையக்காரர். அவருக்கு ஒரே பொண்ணு. "நான் கண்ணை மூடுற அன்னைக்கே என் தம்பி பங்கு கேட்டு வந்து நிப்பான். அதுக்குள்ள வீட்டை அவ பேருக்கு எழுதிடணும் சார்"னு ஆபீஸ் சர்வேயர்கிட்ட சொன்னார்.

சர்வேயர் டேப்பை இழுத்து அளந்தார். அப்புறம் துக்கம் விசாரிக்கிற குரல்ல சொன்னார்.

"அண்ணே, உங்க சமையக்கட்டு உங்களோடது இல்ல."

"பின்ன?"

"முதல் வீட்டு போஸ்ட்மாஸ்டரோடது. வருத்தப்படாதீங்க, பேக்கரிக்காரர் குளியலறை உங்களுக்கு வருது."

"யோவ், படி நகர்ந்தா வீடு நகருமா?"

"நகரலையே அண்ணே! அங்கதான் உங்க வீடு தப்புப் பண்ணிடுச்சு."

தையக்காரர் பெரிய ஆபீசர் ரூமுக்கு ஓடினார்.

"மூணடியைக் கழிச்சுக்கிட்டா முடிஞ்சுது, சார்!"

"கழிக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப உடைச்சுப் பழைய படியைப் பாருங்க."

"ஆடிட் முடியாம உடைக்கக் கூடாது."

"ஆடிட் எப்ப முடியும்?"

"உடைச்சு, உள்ள எவ்வளவு சிமெண்டு போட்டிருக்குன்னு பார்த்ததும்."

ஆபீசர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். தெரு மொத்தமும் ஆட்சேபணை மனுவுல கையெழுத்துப் போட்டா பழைய அளவே செல்லும்.

தையக்காரர் போஸ்ட்மாஸ்டர்கிட்ட போனார். அவர் மனுவை ரெண்டு தடவை படிச்சார். "வாசகம் பிரமாதம். ஆனா உங்க சமையக்கட்டுல காத்து எப்படி வருது?"

"உங்க முன்ரூம் பறிபோகுது, தெரியுமா?"

"அது ஒழுகற ரூம்தானே, போகட்டும்."

மூணாவது வீட்டு பேக்கரிக்காரர் மாவுக் கையைக் காட்டினார். "சர்க்காரோட நமக்கு எதுக்கு அண்ணே வம்பு?" பேசினது இவர்கிட்ட. பார்வை மட்டும் பக்கத்து டிரைவர் வீட்டுக் கிணத்து மேல.

டிரைவரோடது கடைசி வீடு. அதுக்கப்புறம் ஏரி. "மூணடி ஏரி எனக்கு வருதாமே! என் பரம்பரையில யாருக்காவது ஏரி இருந்திருக்கா அண்ணே?"

ஆளாளுக்கு மேற்கே மூணடி போகுது. ஆனா அத்தனை கழுத்தும் கிழக்கே திரும்பி நின்னுச்சு.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு மனுவை வாங்கிப் பார்த்தா. "அப்பா, நீங்களே இன்னும் போடலையே?"

"போடலாம்மா, என்ன அவசரம்?" பேக்கரிக்காரர் குளியலறையை அன்னைக்குத்தான் அவர் முதல் தடவையா உள்ள போய்ப் பார்த்திருந்தார். சுவர் பூரா டைல்ஸ். வெந்நீர் வேற வருது.

மனு வெறுங்காகிதமா ஆபீசுக்குப் போச்சு. "ஒருவரும் ஆட்சேபிக்காததால், படிக்குப் பொதுமக்கள் பேராதரவு நல்கியுள்ளனர்"னு ஆபீசர் உத்தரவு போட்டார். அப்பதான் தெருவுக்கு மூளை வேலை செஞ்சுது. மூணடிக்கே இவ்வளவுன்னா, ஒரு முழு வீட்டு அகலத்துக்குப் படி நீண்டா?

அடுத்த மனு பொழுது சாயறதுக்குள்ள நிரம்பிச்சு. முதல் கையெழுத்து தையக்காரரோடது.

மக்கள் விருப்பத்தை மீற முடியாம ஆபீசர் பொட்டல் பூரா படி கட்டினார். எல்லாரும் முறைப்படி ஒரு வீடு தள்ளிக் குடிபோனாங்க. டிரைவர் மட்டும் ஏரிக்கரையில கட்டிலைப் போட்டுக்கிட்டு, கதவை எங்க வைக்கறதுன்னு யோசிச்சார். போஸ்ட்மாஸ்டர் விட்டுட்டுப் போன வீடு எந்தப் பத்திரத்துலயும் வரலை. அதனால அது அநாதையாக் கிடக்கக் கூடாதுன்னு, பெரிய ஆபீசரே பெரிய மனசு பண்ணிக் குடும்பத்தோட வந்துட்டார்.

பேக்கரிக்காரர் வீடு பொண்ணு பேர்ல பதிவாச்சு. தையக்காரர் வெந்நீர்ல குளிச்சுட்டு, தலை துவட்டிக்கிட்டே வந்தார். மேஜை மேல தெருக்காரங்க கொண்டுவந்து வெச்ச மூணாவது மனு இருந்துச்சு. பொண்ணு அதைக் கையில எடுத்தா.

"இன்னொரு தடவை படி கட்டினா நமக்கு டிரைவர் அண்ணன் வீடு. சரிப்பா. அதுக்கும் அடுத்த தடவை?"

தையக்காரர் துண்டை இறக்கி ஜன்னல் வழியா கிழக்கே பார்த்தார்.

"தண்ணிதான்"னார். "ஆனா டிரைவர் வீட்டுல காத்து நல்லா வரும்மா"ன்னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார்.