உத்திரட்டாதி பார்லி

குளிர் என்றால் இமயமலை என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள், வேங்கிக்காலில் எங்கள் திட்ட இயக்குநர் அறிவுச்செல்வன் அவர்களின் அறைக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் அங்கே பதினாறு டிகிரி. 'குளிர்ந்த மானாவாரிப் பகுதிகளுக்கான பார்லி ரகங்களின் மகசூல் ஒப்பீட்டுத் திட்ட'த்தின் வெப்பமானி அங்கேதான் தொங்கியது, ஏ.சி.க்கு நேர் கீழே.

"கவர்மென்ட் கருவிய வெயில்ல மாட்டக் கூடாதுய்யா. கெட்டுடும்" என்பது அவருடைய தொலைநோக்கு.

களப் பதிவாளனான நான் தினமும் காலை பத்து மணிக்கு அந்தப் பதினாறைப் பதிவு செய்து கையெழுத்திட்டேன். பயிர் இருந்தது அடி அண்ணாமலையில், முப்பத்தொன்பது டிகிரியில்.

ஆணையில் 'மலைப்பகுதி' என்று தெளிவாக இருந்தது.

"ஜவ்வாது மலைக்குப் போயிடலாமா சார்? அங்க கொஞ்சமாவது குளிரும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"போயிடலாம். சாயங்காலத்துக்குள்ள திரும்பணுமே! ஏன், நம்ம ஊர்ல மலை இல்லையா?"

இருந்தது. சிவபெருமான் நெருப்பாக நின்ற மலை. அதன் அடிவாரமே குளிர் ஆராய்ச்சிக்கு உகந்த இடம் என்று முடிவாயிற்று. மார்ச் முப்பத்தொன்றோடு நிதி காலாவதியாகிவிடும் என்பதால், குளிர்காலப் பயிரை மாசிக் கடைசியில் விதைத்தோம்.

நிலம் பச்சையம்மாளுடையது. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரே ஏக்கர். அவருக்கு வேறு நிலம் கிடையாது. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான்தான். 'திட்டவட்டமான முடிவு தெரிந்ததும் நிலம் திருப்பி ஒப்படைக்கப்படும்.' ஆடியில் நிலக்கடலை போட்டாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

இருபத்தேழு பாத்தி, இருபத்தேழு ரகம், இருபத்தேழு நம்பர் பலகை. மானாவாரி ஆயிற்றே, கிணற்று மோட்டாருக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டோம். மழையும் எங்கள் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. இருபத்தேழு ரகங்களும் உயர்வு தாழ்வு பாராட்டாமல், மிகுந்த ஒற்றுமையுடன் வாடத் தொடங்கின.

"எல்லாம் செத்துட்டா நிலத்த குடுத்துடுவீங்களா சார்?" என்று பச்சையம்மாள் இயக்குநரைக் கேட்டார்.

"அதெப்படிம்மா? எல்லாம் ஒரே மாதிரி செத்தா அது முடிவு இல்ல. மறுபடியும் ஒரு வருஷம் போட்டுப் பாக்கணும். ஏதாவது ஒண்ணு ஜெயிக்கணும்."

"எந்த ஒண்ணு ஜெயிச்சாலும் சரியா?"

"விஞ்ஞானத்துல ஓரவஞ்சனை கிடையாதும்மா."

பச்சையம்மாள் தலையாட்டிக்கொண்டார்.

பங்குனிப் பௌர்ணமி காலை. கிரிவலம் வந்த சென்னைத் தம்பதி வேலியோரம் நின்றார்கள். கணவர் பலகைகளை விரலால் எண்ணினார்.

"இருபத்தேழு! ஏங்க, இது நட்சத்திர வனமா?"

திட்ட விளக்கம் அளிக்க நான் வாயைத் திறந்தேன். பச்சையம்மாள் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. உங்களுக்கு என்ன நட்சத்திரம்?"

"உத்திரட்டாதி."

"ஐயய்யோ, மீன ராசியா? ஏழரைச் சனி நடக்குதே! இருபத்தாறாம் பாத்திங்க. கையில இருக்கற தண்ணிய அதுல ஊத்திட்டுப் போங்க, பாரம் கம்மியாவும்."

அவர் பயபக்தியோடு பாட்டிலைக் கவிழ்த்தார். மனைவி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்.

சித்திரைப் பௌர்ணமிக்குள் செய்தி ஏழு மாவட்டம் தாண்டிவிட்டது. அசுவினிக்காரர்கள் வந்தார்கள். பரணிக்காரர்கள் வந்தார்கள். நல்ல நேரம் நடப்பவர்கள் ஒரு மூடி ஊற்றினார்கள். மீன ராசிக்காரர்கள், அதிலும் வாட்ஸ்அப் பார்த்த உத்திரட்டாதிக்காரர்கள், குடத்தோடு வந்தார்கள். பாத்திகளுக்கு நடுவே நாங்கள் நட்டிருந்த மழைமானிக்கும் குறை வைக்கவில்லை. பொட்டு வைத்துப் பாலாபிஷேகம் செய்தார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் இயக்குநர் நேரில் ஆய்வுக்கு எழுந்தருளினார். மழைமானிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அறுபத்து நாலு மில்லிமீட்டர்! நல்ல மழைய்யா."

"வெள்ளையா இருக்குது சார்."

"ஆலங்கட்டி கரைஞ்சிருக்கும். குளிர்ப் பிரதேசம்னா சும்மாவா?"

"சார், ஜனங்க பாத்தியில தண்ணி ஊத்தறாங்க..."

அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "'திட்டப் பணியாளர்கள் நீர் பாய்ச்சக் கூடாது.' நீ பாய்ச்சினியா?"

"இல்ல சார்."

"நானும் பாய்ச்சல. மேலேருந்து விழுந்தா அதுக்குப் பேரு மழை. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

வைகாசியில் அறுவடை. இருபத்தைந்து பாத்திகளில் வெறும் தாள். ரேவதியில் ஒரு பிடி. உத்திரட்டாதியில் மட்டும் ஒன்றே முக்கால் கிலோ! 'குளிரையும் வறட்சியையும் ஒருங்கே வென்ற ரகம்' என்று அறிக்கை போயிற்று. உறைபனி விழும் வடக்கத்தி மலைக் கிராமங்களுக்கு இந்த விதையையே கொடுப்பது என்று ஆணையும் வந்தது.

ஆனி பிறந்ததும் பச்சையம்மாள் வேங்கிக்கால் அலுவலகத்துக்கு வந்தார். கையில் விதைக்கடலைப் பை.

"ஒண்ணு ஜெயிச்சிடுச்சே சார். முடிவு தெரிஞ்சிடுச்சு, நிலத்த குடுங்க."

"இது முடிவு இல்லம்மா, ஆரம்பம்! உலகத்துலயே இந்த ரகம் உங்க மண்ணுல மட்டும்தான் இப்படி வெளையுது. அத எப்படி விட முடியும்? விதை பெருக்க அஞ்சு வருஷம். அறிக்கை எழுத ரெண்டரை வருஷம். அப்புறம் நிலம் உங்களுதுதான்."

பச்சையம்மாள் விரல்விட்டுக் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

"அந்த மலை கிராமத்துல ஏழரைச் சனி புடிச்சவங்க ஜாஸ்தியா சார்?"

"ஏம்மா?"

"இல்ல, அங்க தண்ணி யாரு ஊத்துவாங்கனு கேட்டேன்."

இயக்குநர் அடுத்த கோப்பைத் திறந்தார். பச்சையம்மாள் கடலைப் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினார்.

"சனி மீனத்துல இருக்குதுனு டிவியில சொல்றாங்க. பொய் சார். வேங்கிக்கால்ல, ஏ.சி. ரூம்ல ரெண்டு பேரா ஒக்காந்துனு இருக்குது."

ஒப்பந்த நீட்டிப்புப் படிவத்தில் 'நில உரிமையாளரின் கருத்து' என்ற ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அதில் 'பூரண திருப்தி' என்று எழுதினேன். கீழே, வழக்கம்போல, என் கையெழுத்து.