கைகட்டி டீச்சர்

பெரியவர்கள் சும்மா நின்றால் உலகம் உருப்பட்டுவிடும் என்று நம்பியவர் ஜொகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கைகட்டி டீச்சர்.

செனாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவருடைய மாண்டிசோரி வகுப்பு. ஒன்பது பிள்ளைகள், ஆளுக்கொரு சின்னப் பாய். பாயில் உட்கார்ந்து பயறு பிரிப்பார்கள், பித்தான் மாட்டுவார்கள், ஜாடியிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் உதவக் கூடாது. உள்ளே வரும் பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். டீச்சரும் அப்படித்தான் நடமாடுவார்.

நானோ மின்தூக்கி வருவதற்குள் பொத்தானைப் பதினைந்து முறை அமுக்குகிற பிறவி. ஒருநாள் வேலைக்கு நேரமாகிறதே என்று மகள் கயலின் காலில் சப்பாத்தை மாட்டிவிட்டேன்.

"இது யாரு காலு?" என்றார் டீச்சர்.

"எம் பொண்ணோடது, டீச்சர்."

"அப்ப ஏன் உங்க கை வேல செய்யுது? கழட்டுங்க."

கழற்றினேன். கயல் தானாகப் போட்டு முடிக்க இருபது நிமிடம், அதுவும் கால் மாற்றி. தாமதத்துக்குக் காரணம் டயர் பஞ்சர் என்று தொழிற்சாலையில் சொன்னேன். டயர் கடை வாசலில்தான் நின்றேன் என்பதால் அது முழுப் பொய்யாகத் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி மலருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. "எட்டு மாசமா தண்ணி ஊத்துறா. ஏபிசி எப்பங்க? பெற்றோர் நாளுக்கு வந்து பார்ப்பேன். ஒண்ணும் தேறலன்னா திங்கக்கிழமலேருந்து எதிர்த்தாப்ல இருக்குற டியூசன்தான் லா."

கதவோரம் நின்று கேட்ட கயல், அன்றிலிருந்து குளியலறையிலும் ஊற்றிப் பழகினாள்.

பெற்றோர் நாளன்று டீச்சர் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் விளிம்புவரை நிரப்பிய தே தாரிக் தேநீர்க் குவளையைத் திணித்தார். "ரெண்டு கையாலயும் பிடிங்க. கட்டச் சொன்னா அவுத்துடுறீங்க."

கயல் ஜாடியைத் தூக்கினாள். ஜாடி சாய்ந்தது. தண்ணீர் பாயில் கொட்டியது. நான் தாவினேன். என் தே தாரிக் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

"அப்பா, தள்ளி நில்லுங்க. நான் வேல செய்றேன்."

துணி எடுத்து வந்து தன் தண்ணீரைத் துடைத்தாள், பிழிந்தாள். என் தேநீரையும் துடைத்தாள். மறுபடி ஜாடியை நிரப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.

காரில் மலர் இருக்கைப் பட்டையை மாட்டினாள். பிறகு, "அவ இங்கயே படிக்கட்டும். உங்களையும் சேர்த்துப்பாங்களான்னு கேளுங்க" என்றாள்.

மலரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. கயல் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். முகத்தில் சலனமே காட்டாத அந்த அம்மாளின் ஒரு கை, இன்னொரு கையின் மணிக்கட்டை, தப்பி ஓடப் பார்க்கும் கோழியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தது. அங்கிருந்த எல்லோரையும்விட அந்தக் கைகளுக்குத்தான் அவசரம்.

கயல் இப்போது தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. டயர் கடையைக் கடக்கும்போதெல்லாம், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.