போங்கலே, சின்னத்துரை!

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் லகான் அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடையாது. இன்னொருவர் இருந்திருந்தால் ஜில்லா தாங்கியிருக்காது. மற்ற ஆண்கள் தோளில் துண்டு போடுவார்கள். அவர் குதிரை லகானைப் போட்டிருப்பார். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். பரிமாறுகிறவர் ஒரு கையால் லகானை ஒதுக்கிவிட்டு மறுகையால் சாம்பார் ஊற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பத்தமடைக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி அவருடைய குதிரைப் பண்ணை. பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓலைக் கொட்டகை, ஐந்து பெண் குதிரைகள், ஓர் ஆண் குதிரை, அவை ஈனும் குட்டிகள், அவ்வளவுதான். குட்டிகளை வளர்த்து, பழக்கி, விற்பார். பெரியவை கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் வாடகைக்குப் போகும். நான் அப்போது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் வாத்தியார். பண்ணைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்.

குடிபோன முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏலே வாத்தி! அந்த வாளிய இங்கன எடுத்துப் போடுலே!"

எம்.ஏ. தமிழ் படித்தவனை, அறிமுகம்கூட இல்லாமல், 'லே' போட்டு! எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்டிருந்தால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். எனக்குக் காது வரை சூடேறியது. ஆனால் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் குரல் அப்படிப்பட்டது. குதிரைகளும் அதற்குத்தான் கட்டுப்பட்டன. "பைய போலே" என்றால் நடை, "வெரசா போலே" என்றால் ஓட்டம். பெண் குதிரைகளுக்கு மட்டும் 'லே'க்குப் பதில் 'ஏளா'. சாட்டை என்ற பொருளே அந்தப் பண்ணையில் கிடையாது.

பிறகு கொரோனா வந்தது. ஊர்வலம் இல்லை, கொடை இல்லை. குதிரைகள் மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டன. அண்ணாச்சி அசரவில்லை. குதிரை வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்கக் கிளம்பினார். சேரன்மகாதேவி சாலையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"பாஸ் இருக்கா அண்ணாச்சி?"

"நான் எட்டாங்கிளாஸ் பெயிலு அய்யா." குதிரையைக் காட்டினார். "இவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினார்.

ஊரடங்கு முடிந்தும் பண்ணைக்கு நல்ல காலம் வரவில்லை. மாப்பிள்ளைமார்கள் திறந்த ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். கொள்ளு, தவிடு எல்லாம் விலை ஏறிவிட்டன. எங்கிருந்தோ மூக்கில் வியர்த்தது போல ஒரு தரகர் வந்து சேர்ந்தார். ஐந்து பெண் குதிரைகளையும் மொத்தமாக ஓட்டிப் போகிறேன் என்றார். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்பேன். மதினியே சோர்ந்துபோய், "குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்" என்று சொல்லிவிட்டார்.

"தாய்க் குதிரைய வித்தா பண்ண ஏதுளா? பொறவு இந்த லகான எங்கன கொண்டு போடுதது, ஒம் மேலயா?"

"போட்டுத்தான் பாருமே!"

தாய்க் குதிரைகளை விடுவதில்லை, வளர்ந்து நின்ற சின்னத்துரையை விற்பது என்று முடிவாயிற்று. சின்னத்துரை அந்தப் பண்ணையின் செல்லக் குட்டி. அவனை விற்றால் மற்றவற்றுக்கு அடுத்த கல்யாண சீசன் வரை தீனி ஓடும். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று "பைய போலே" என்றதும் சின்னத்துரை மணப்பெண் மாதிரி நடந்தான். பெரியவருக்கு வாயெல்லாம் பல். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அண்ணாச்சி சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, குதிரை நின்ன எடத்த விட்டு நகர மாட்டீங்குதுங்க."

"நீரு என்ன சொல்லி ஓட்டுதீரு?"

"போலாமுங்க சாமின்னுதானுங்க."

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏலே வாத்தி, குதிரைக்குப் போயி மரியாத குடுக்காவ! அவனுக்கு அது வெளங்குமாலே?"

'ஏலே' போட்டு அதட்டச் சொன்னார். பெரியவர் பதறிவிட்டார். "எங்கூட்ல வாயில்லாச் சீவனக்கூட வா, போன்னு சொல்ல மாட்டமுங்க. அம்மா இருக்கறாங்க, வைவாங்க. ஒத்து வரலீன்னா நீங்களே கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

எப்படிக் கூட்டிவருவது? சின்னத்துரையை விற்ற பணம் ஏற்கெனவே கொள்ளாகவும் வைக்கோலாகவும் மாறி, பாதி தாய்க் குதிரைகளின் வயிற்றுக்குள் போயிருந்தது. சின்னத்துரை திரும்பி வந்தால் பணத்தைத் திருப்ப வேண்டும்; தரகர் உள்ளே வந்துவிடுவார். மதினி கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி லகானை உதறித் தோளில் போட்டார்.

"குதிரைக்குப் பாஷதான தெரியல? படிச்சுக் குடுத்துருவோம். வாத்தி, மொதல்ல எனக்கு அந்த 'ங்க'வச் சொல்லிக் குடுலே."

என் ஆசிரியப் பணியில் அவ்வளவு மோசமான மாணவரைக் கண்டதில்லை. 'போங்க' என்று எழுதியே காட்டினேன். வாயைக் குவித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, "போங்கலே!" என்றார்.

"லே வரக்கூடாது அண்ணாச்சி."

"சரிங்கலே."

இருபது தடவை சொல்லிப் பார்த்தோம். இருபது தடவையும் வால் ஒட்டிக்கொண்டே வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவரோ சட்டென்று துள்ளி எழுந்தார்.

"ஏலே, இதாம்லே வழி! மொதல்ல 'போங்கலே'ன்னு சொல்லுவோம். 'லே'யக் கேட்டு அவன் நடப்பான். பொறவு வாலக் கொஞ்சங் கொஞ்சமா அறுத்துருவோம்!"

மறுநாள் காலையில், வாழ்நாளில் மதுரையைத் தாண்டாத மனிதர் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே தோப்பு வீட்டில் தங்கினார். சாயங்காலம் சாயங்காலம் எனக்குப் போன் வரும். "இன்னைக்கு 'லே'யப் பாதி முழுங்கிட்டேன்." "இன்னைக்கு உதட்ட மட்டுந்தான் அசைச்சேன், நடந்துட்டாம்லே!" இடையில் ஒருநாள் அந்த வீட்டு அம்மாவையே "சோறு போடுங்கலே" என்று கேட்டுவிட்டாராம். அந்த அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

பத்தாம் நாள் பெரியவர் ஏறி உட்கார்ந்து, "போங்க சாமி" என்றார். சின்னத்துரை ஒரு காதைத் திருப்பி அண்ணாச்சி இருந்த பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு நடந்தான். அண்ணாச்சி அப்படியே பஸ்ஸைப் பிடித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கத்திக் கூப்பிட்டிருப்பேன் என்று பிறகு மதினியிடம் சொன்னாராம். தரகர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஐந்து தாய்க் குதிரைகளும் இன்றைக்கும் அதே கொட்டகையில்தான் நிற்கின்றன.

அவர் ஊர் திரும்பிய அன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் லகானோடு நின்றார்.

"வாங்க சார். உள்ள வாங்க. உக்காருங்க."

பத்து நாள் பழக்கம், நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் நகரவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏதோ தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே வாத்தி, பைய உள்ள வாலே."

போனேன்.

இப்போது மாற்றலாகித் தஞ்சாவூருக்கே வந்துவிட்டேன். இங்கே தெருவே என்னை 'ஐயா' என்கிறது. அண்ணாச்சியின் ஒரு 'லே'யைக் கேட்டுவிட்டு வர வருஷத்துக்கு ஒருமுறை பத்தமடைக்கு பஸ் ஏறுகிறேன்.