இல்லாத மாட்டைக் கறந்த கதை

எனக்கு மாடு கறக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள இன்றைக்கு எனக்கு எந்த வெட்கமும் இல்லை. அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் ஒருவேளை நான் நடிகனாகியிருப்பேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு விவசாயம். வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. கறப்பது அம்மா, குடிப்பது நான் (வேலைப் பங்கீட்டில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை). மதுரையில் கல்லூரி முடித்த கையோடு ஒரு மைம் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். அதில் வசனமே கிடையாது, எல்லாம் உடம்புதான். நடிகர்களைப் பழக்குகிற மாஸ்டர் ஒருநாள், "அடுத்த நாடகத்துல மாடு கறக்குற சீன் இருக்கு. யாருக்குய்யா கறக்கத் தெரியும்?" என்றார்.

"நான் பொறந்ததே தொழுவத்துலதேன் மாஸ்டர்" என்றேன். (பிறந்தது ஆஸ்பத்திரியில். சர்டிபிகேட் இருக்கிறது.)

ஆறு வாரம் பயிற்சி. விடிந்ததும் விடியாததுமாக வெறுங்காலோடு நடக்க வேண்டும், முதுகெலும்பைக் கணுக் கணுவாக மடக்க வேண்டும், இல்லாத குடத்தைத் தூக்க வேண்டும். "கையில ஒண்ணுமில்லைன்னு உனக்குத் தெரியும்யா. உன் தோளுக்குத் தெரியக் கூடாது" என்பார் மாஸ்டர். என் தோள் ரொம்ப விவரமானது. அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இதற்கிடையில், மதுரையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் தாய்மாமா என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். நாடகத்தை விட மாட்டேன் என்று அழுதேன் (இருபத்திரண்டு வயதில்). கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள். "நம்மூர்ல வந்து நடி. நான் பாக்குறேன். நல்லாருந்துச்சுன்னா நாடகத்துலயே கெட. இல்லேன்னா திங்கக்கெழம மாமா கடைக்குப் போயிரணும்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டோம். முன்வரிசையில் அம்மா. அவளைச் சுற்றி, தினமும் இரண்டு வேளை மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பெண்கள் அத்தனை பேரும்.

நான் குத்தவைத்து, இல்லாத மாட்டின் மடியில் கை வைத்தேன்.

"கன்ன அவுத்து விடாமக் கறக்குறான் பாரு" என்றது முன்வரிசை.

மைமில் திருப்பிப் பேச முடியாது. எழுந்து போய்க் கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"யய்யா, அது குடிச்சிக்கிட்டே இருக்கு. இழுத்துக் கட்டு. அம்புட்டையும் காலி பண்ணிரும்."

கன்றை இழுத்துக்கொண்டு நேராக எதிர்ப்பக்கம் நடந்தேன்.

"ஏடி, மாட்டுக்குள்ள புகுந்து போறான்டி."

மைதானமே சிரித்தது. திரும்பி வந்து செம்பைத் தரையில் வைத்தேன். "முட்டியில இடுக்கு, எத்திரும்" என்று நாலு பேர் கத்தினார்கள். அவசரமாக இடுக்கினேன். நிதானம் தவறி மல்லாக்க விழுந்தேன். மாடுதான் எத்திவிட்டது என்று ஊர் முடிவு செய்து, மாட்டுக்குக் கைதட்டியது.

அப்போது அம்மா எழுந்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மேடையேறினாள். என்னைத் தூக்கிவிட வருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"தள்ளுடா, மாடு மெரளுது" என்றாள்.

கன்றைப் பிடித்து, மாடு நக்குவதற்குத் தோதாக அதன் முகத்துக்குப் பக்கத்தில் கட்டினாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். மடியில் தண்ணீர் அடித்து, விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கறக்க ஆரம்பித்ததும் மைதானத்தில் பேச்சு நின்றுவிட்டது. வால் வீசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே அந்த மாடு தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பெற்ற தாய் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

செம்பு நிறைந்ததும் எழுந்து, பார்த்துப் பார்த்து என்னிடம் நீட்டினாள். பதற்றத்தில் நான் அதை ஒற்றைக் கையால் வாங்கி, கையை அப்படியே தொங்கப் போட்டேன்.

"பூராத்தையும் கொட்டிட்டானே பாவி" என்று ஊரே எழுந்து நின்றது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைய நாடகத்தில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன் (அதுவும் நம்பும்படியாக இல்லை). அவர் என்னைத் தாண்டி உள்ளே போய், "அக்கா, நாடகம் போடப் போற பாக்கி ஊருக்கெல்லாம் நீங்கதான் வரணும்" என்றார் அம்மாவிடம்.

"நான் வந்துட்டா இங்க மாடு யாரு கறக்குறது?"

"நான் கறக்குறேன். நீ போயிட்டு வா" என்றார் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. நான் மாமா கடைக்குப் போனேன்.

நாலு வருடம் ஆகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது என்னைக் காட்டி, "இவனும் நாடகத்துல இருந்தவன்தானே?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள்.

"சின்னப்புள்ளத்தனமா நாடகம் நாடகம்னு திரிஞ்சான். நாந்தேன் புத்தி சொல்லிக் கடைக்கு அனுப்பி வச்சேன். குடும்பத்துல ஒரு ஆளாச்சும் பொழப்பப் பாக்கணும்ல."

சொல்லிவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் பையை எடுத்துக்கொள்வாள். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டிருக்கும்.