கேத்தல் போராட்டம்

நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகம். அங்கே பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராகவும் ஊழியர் சங்கக் கிளையின் செயலாளராகவும் இருப்பவர் அழகுமுத்து. இரண்டில் எது உங்கள் உத்தியோகம் என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

குளிருக்குத் தேத்தண்ணி போட ஒரு கரண்ட் கேத்தல் வேண்டும் என்பது சங்கத்தின் நீண்டகாலக் கோரிக்கை. “ஒதுக்கீடு இல்லை” என்றார் நிர்வாக அதிகாரி தம்பிஐயா. சங்கம் கொதித்தெழுந்தது. திங்கள் முதல் ‘சட்டப்படி வேலை’ப் போராட்டம், சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்று தீர்மானமாயிற்று.

சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளராக இருக்கிற பாவத்துக்கு அழகுமுத்து விதிப் புத்தகத்தை எடுத்து முதன்முறையாகப் படித்தார். எட்டரைக்குக் கதிரையில் இருக்க வேண்டுமாம். வரிசையில் நிற்பவரை அன்றே கவனிக்க வேண்டுமாம். பத்து மணிக்கு ரொட்டி தின்ன டவுனுக்குப் போவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் போராட்டம் என்று வந்துவிட்டால் தியாகம் செய்துதானே ஆகவேண்டும்!

செவ்வாய்க்கிழமைக்குள் வரிசை பாதியாகிவிட்டது. கந்தப்பளையிலிருந்து வந்த ஒருவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு, “ஐயா, இந்தப் போராட்டத்த மட்டும் விட்டுறாதீங்க” என்று கும்பிட்டார்.

புதன்கிழமை அழகுமுத்துவின் தாய் அம்மாக்கண்ணு தோட்டத்திலிருந்து வந்தார். வரிசை அறைகளான லயத்தை விட்டு வீடமைப்புத் திட்டத்தின் தனி வீட்டுக்குப் போக வேண்டுமானால், வெள்ளிக்கிழமைக்குள் தன் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதமாக மகன் “நாளைக்குப் பார்ப்போம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகனை நம்பிப் பயனில்லை என்று தாய் இப்போது போராட்டத்தை நம்பி வந்திருந்தார்.

அம்மாக்கண்ணுவின் முறை வந்தது. அழகுமுத்து பேனையைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பிஐயா தன் வீட்டுக் கேத்தலோடு ஓடி வந்தார்.

“இந்தாரும் கேத்தல்! கையெழுத்துப் போட்டுப் போட்டே கை விறைச்சுப் போச்சு. தயவுசெய்து எல்லாரும் பழையபடி இருங்கோ!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அழகுமுத்து பேனையை மூடினார்.

“போராட்டம் வெற்றிம்மா! நாளைக்கு வாங்க.”

அம்மாக்கண்ணு நகரவில்லை. “அடுத்து என்னப்பா கேக்கப் போறீங்க?”

“ஒன்னும் இல்லம்மா. அதான் கெடச்சிருச்சே.”

“கோப்பை இல்லாம எப்படிக் குடிப்பீங்க? கோப்பை கேளு சாமி. வெள்ளிக்கெழமைக்குள்ள இன்னொரு போராட்டம் வச்சிருங்கப்பா.”

வரிசை முழுவதும் தலையாட்டியது. அழகுமுத்துவுக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. பெற்ற தாய்க்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் அவர் என்ன பிள்ளை! பேனையை மறுபடி திறந்திருக்கலாம். அது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். கோப்பைக் கோரிக்கை ஏகமனதாக நிறைவேறியது.

“ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிருவோம்மா” என்றார் பெருமையோடு.

“ரெண்டு வாரமா? அதுக்குள்ள வீடு போயிருமேப்பா!”

“என்னம்மா செய்யிறது? முன்னறிவித்தல் குடுக்காம திடீர்னு வேலை செஞ்சா சட்டப்படி குத்தம்மா.”